எதிரணி எங்கே தேடி வந்தது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பிளேஆஃப் (வெளியேற்றும்) சுற்றுகளை ஒட்டி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை தோற்ற அணிகளின் ரசிகர்கள் எழுதுபவை. வென்றவர்களுக்குச் சந்தேகம் எழுவதில்லை போலும். இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே சுற்றி வளைத்து ஒரே விஷயத்தைக் கேட்பதால், இந்த இதழின் பக்கங்களைக் கூடைப்பந்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: லீக் சுற்றில் முன்னணியில் இருந்த எங்கள் அணி பிளேஆஃபில் வெளியேறிவிட்டது. நண்பர்கள் நால்வர் சேர்ந்தால் நான்கு காரணங்கள் சொல்கிறோம். சென்டர் (வளையத்தடியைக் காக்கும் உயரமான வீரர்) மெதுவாக நகர்கிறார் என்கிறார் ஒருவர். பாயிண்ட் கார்டு (பந்தை நடத்திச் செல்பவர்) உயரம் குறைவு என்கிறார் இன்னொருவர். பெஞ்சில் ஆளில்லை என்பது மூன்றாமவரின் கட்சி. பயிற்சியாளரின் பிடிவாதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கட்சி. இவற்றில் எது சரி என்று எப்படித் தீர்மானிப்பது?

பதில்: நான்குமே உண்மையாக இருக்கலாம். சாம்பியன் அணியைப் பிரித்து ஆராய்ந்தாலும் அதில் நான்கு குறைகள் தேறும். ஆகவே எதிரணி எந்தக் குறையைத் தேடி, மறுபடி மறுபடி அதே வழியில் வந்தது என்று பாருங்கள். யாராவது நான்கு வெற்றிகளை எட்டும்வரை, ஒரே அணியோடு அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள் மோதும் தொடரில், எதிரணியின் பயிற்சியாளர் உங்கள் நால்வரையும்விடக் கவனமாக உங்கள் அணியைப் படித்திருப்பார். வலிக்கும் இடத்தில் விரல் வைத்து அழுத்திக் காட்டிவிட்டுத்தான் அவர் போயிருப்பார்.

2021-இல் யூட்டா ஜாஸ் அணிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் 52 வெற்றி, 20 தோல்வி என்ற கணக்கோடு லீகிலேயே முதலிடம் பிடித்த அணி அது. அதன் சென்டர் ரூடி கோபேர், சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை அந்த ஆண்டு மூன்றாவது முறையாகப் பெற்றார். லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்கு எதிரான இரண்டாம் சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களை வென்ற யூட்டா, அடுத்த நான்கையும் இழந்தது. அவற்றுள் கடைசி இரண்டில் கிளிப்பர்ஸின் முதன்மை வீரர் கவை லெனர்ட் காயத்தால் களமிறங்கவே இல்லை. ஆறாவது ஆட்டத்தின் இடைவேளையில் 72-50 என்று முன்னிலையில் இருந்த யூட்டா, முடிவில் 131-119 என்று தோற்றது. டெரன்ஸ் மேன் என்ற, அதுவரை பலரும் கவனித்திராத வீரர் தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து அடிக்கும் மூன்று புள்ளி ஷாட்கள் ஏழோடு 39 புள்ளிகள் எடுத்தார். மேனைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் கோபேரிடம் இருந்ததால், விருது வாங்கியவரைச் சாதாரண வீரர் ஒருவர் அம்பலப்படுத்திவிட்டார் என்று ரசிகர்கள் பொங்கினார்கள்.

அந்த இரண்டாம் பாதியை நிதானமாகத் திரும்பப் பார்த்தால் காட்சி வேறு விதமாக விரியும். கிளிப்பர்ஸ் தங்கள் சென்டரை வெளியே உட்கார வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஷாட் அடிக்கத் தெரிந்த ஐவரை இறக்கியிருந்தார்கள். பந்தை வைத்திருக்கும் கார்டு, தன்னைக் காக்கும் யூட்டா வீரரை ஓரிரண்டு அடிகளிலேயே தாண்டி வளையத்தை நோக்கி வருவார். அவரைத் தடுக்க அங்கே வேறு யாரும் இல்லாததால், மூலையில் நிற்கும் மேனை விட்டுவிட்டுக் கோபேர் வளையத்தடிக்கு நகர்வார். நகராவிட்டால் வளையத்தடியில் எளிதான கூடை (லேஅப்). அவர் நகர்ந்த கணமே பந்து மூலைக்குப் போகும். கோபேர் கையை உயர்த்திக்கொண்டு திரும்பி ஓடி வருவதற்குள் ஷாட் கிளம்பியிருக்கும். தொலைக்காட்சியில் நம் கண்ணில் நிற்பது கடைசியாக வந்து சேர்ந்த அந்த உயரமான மனிதர். மூன்று விநாடிக்கு முன்பே தாண்டப்பட்ட கார்டைக் காமிரா விட்டுவிட்டுப் போயிருக்கும்.

ஆகவே நீங்கள் நால்வரும் ஒரு தாளை எடுத்து, தோற்ற ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் எதிரணி எடுத்த ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு பெயர்களை இரண்டு பத்திகளாக எழுதுங்கள்: முதலில் தாண்டப்பட்டவர் யார், ஷாட் விழும்போது பக்கத்தில் நின்றவர் யார். உங்கள் வாதங்கள் எல்லாம் இரண்டாவது பத்தியிலிருந்து எழுந்தவை என்பதும், எதிரணி முதல் பத்தியைப் பார்த்தே ஆடியிருக்கிறது என்பதும் பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அப்படிப்பட்ட ஓட்டை இருந்தால் அது 82 லீக் ஆட்டங்களில் தெரிந்திருக்க வேண்டாமா? அத்தனை ஆட்டங்களில் வென்ற அணி ஏப்ரலில் திடீரென்று பலவீனமாகிவிடுமா?

பதில்: லீக் சுற்றில் அணிகள் ஓரிரு நாள் இடைவெளியில் ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டு ஆடுகின்றன, இன்றைய எதிரணியைப் பற்றிச் சில குறிப்புகளைப் படிக்க மட்டுமே நேரம் இருக்கும். உங்கள் குறையைக் கண்டுபிடித்த அணிகூட அடுத்த நாள் வேறோர் அணியைச் சந்திக்கப் போய்விடும். பிளேஆஃபில் அதே அணி இரண்டு வாரம் உங்கள் எதிரிலேயே நிற்கிறது.

இருந்தாலும் லீக் சுற்று எதையுமே காட்டாது என்று சொல்ல மாட்டேன். 2006-07 பருவத்தில் 67 ஆட்டங்களை வென்ற டல்லஸ் மேவரிக்ஸ், எட்டாவது இடத்தில் தத்தித் தத்தி உள்ளே வந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் முதல் சுற்றிலேயே 4-2 என்று தோற்றது. எல்லோரும் அதிர்ந்தார்கள், ஆனால் லீக் சுற்றில் இரு அணிகளும் மோதிய மூன்று ஆட்டங்களையும் வாரியர்ஸே வென்றிருந்தது. அதன் பயிற்சியாளர் டான் நெல்சன் இரண்டு ஆண்டுகள் முன்புவரை டல்லஸின் பயிற்சியாளராக இருந்தவர். டல்லஸின் நட்சத்திரம் டிர்க் நொவிட்ஸ்கி எந்த இடத்தில் பந்தை வாங்க விரும்புவார், எந்தப் பக்கம் திரும்புவார் என்பதைப் பல ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்தவர். உயரம் குறைந்தாலும் வேகமும் முரட்டுத்தனமும் உள்ளவர்களை நொவிட்ஸ்கியின் மேல் ஏவினார். ஆறாவது ஆட்டத்தில் நொவிட்ஸ்கி 13 ஷாட்களில் இரண்டை மட்டுமே உள்ளே போட்டார். லீகின் மிக மதிப்புமிக்க வீரர் என்ற விருது, அணி வெளியேறிய பிறகு அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அந்த மேடையில் அவர் நின்றதைப் போன்ற சங்கடமான காட்சி விளையாட்டில் குறைவு. மூன்று தோல்விகளும் மொத்தக் கணக்கில் கரைந்துபோயின. 67 என்ற எண் அவற்றை மூடிவிட்டது.

கேள்வி: எங்கள் அணி கடைசி நிமிடத்தில்தான் ஆட்டத்தைக் கோட்டைவிட்டது. நெருக்கடியில் நடுங்கும் அணி என்ற பெயரே வந்துவிட்டது. மனவுறுதி இல்லாததுதானே எங்கள் பலவீனம்?

பதில்: மனவுறுதி என்ற சொல்லை நான் சற்றுத் தயக்கத்துடனேயே கையாளுகிறேன், ஏனென்றால் வென்றால் அது இருந்தது என்றும் தோற்றால் அது இல்லை என்றும் சொல்லிவிடலாம், எதையும் பார்க்கத் தேவையில்லை.

2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று ஆட்டங்களை வென்றிருந்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் மயாமி ஹீட்டைவிட ஐந்து புள்ளிகள் முன்னே இருந்தது. கோப்பையை வழங்குவதற்காக ஆடுகளத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டவே தொடங்கிவிட்டார்கள். லெப்ரான் ஜேம்ஸ் மூன்று புள்ளி ஷாட் அடித்தார்; தவறியது; திரும்பி வந்த பந்து மீண்டும் மயாமியிடமே சிக்க, ஜேம்ஸ் இரண்டாம் முறை அடித்து உள்ளே போட்டார். அப்போது ஸ்பர்ஸில் இருந்த கவை லெனர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் (ஃபவுலுக்காக, யாரும் தடுக்காமல் கோட்டிலிருந்து எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு) ஒன்றைத் தவறவிட்டார். மறுபடி ஜேம்ஸ் அடித்தது தவறியது. மறுபடி ரீபவுண்ட், அதாவது தவறித் திரும்பிய பந்து, மயாமிக்கு. இம்முறை கிறிஸ் பாஷ் பந்தைப் பிடித்து, மூலையை நோக்கிப் பின்னோக்கியே காலெடுத்து வைத்துக்கொண்டிருந்த ரே ஆலனிடம் கொடுத்தார். 5.2 விநாடி மீதமிருக்கையில் ஆட்டம் சமநிலை. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று வென்றது. ஏழாவது ஆட்டத்தையும் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

இங்கே நடுக்கம் எது? தவறிய ஃப்ரீ த்ரோவை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். ஆனால் இரண்டு முறையும் ஸ்பர்ஸின் தடுப்பாட்டம் முதல் ஷாட்டைத் தவறவைத்தது. இரண்டு முறையும் பந்தைக் கைப்பற்ற முடியாமல் போனது. அணியின் தலைசிறந்த ரீபவுண்ட் வீரரான டிம் டங்கன் அந்தக் கணங்களில் பெஞ்சில் இருந்தார். மூன்று புள்ளிக் கோட்டைக் காக்க வேகமான கால்கள் தேவை என்று கருதி, பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் அவரை வெளியே எடுத்திருந்தார். விவாதிக்க வேண்டிய விஷயம் அந்த முடிவே. என் பார்வையில் அது முட்டாள்தனமான முடிவும் இல்லை. மூன்று புள்ளியால் மட்டுமே உயிர்பிழைக்க முடிந்த எதிரணிக்கு எதிராகப் பல பயிற்சியாளர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். அடுத்த ஆண்டு அதே பயிற்சியாளர், அதே டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலியுடன் ஸ்பர்ஸ் அதே மயாமியை 4-1 என்று வென்றது. நடுங்கும் அணியாக இருந்திருந்தால் அந்த ஓராண்டில் யார் அவர்களுக்கு உறுதியை ஊட்டினார்கள் என்பதற்கு நடுக்கக் கட்சிக்காரர்களிடம் பதில் இல்லை.

கேள்வி: நடுவர்கள்?

பதில்: நடுவர்களால் ஓர் ஆட்டத்தை இழந்ததாக நினைப்பவர்கள், நடுவர்கள் தலையிடும்படி தங்கள் வீரர் நடந்துகொண்டாரா என்றும் பார்க்க வேண்டும். 73 வெற்றிகளோடு வந்த வாரியர்ஸ் கிளீவ்லாண்டுக்கு எதிரான 2016 இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்தபோது, டிரேமண்ட் கிரீன் ஐந்தாவது ஆட்டத்தில் இடைநீக்கம் செய்யப்பட்டார். நான்காவது ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸோடு நடந்த மோதலுக்காக மட்டும் அந்தத் தண்டனை வரவில்லை. அந்த பிளேஆஃபில் முந்தைய சுற்றுகளிலும் அவர் சேர்த்து வைத்திருந்த முரட்டு ஃபவுல்களுக்கான தண்டனைப் புள்ளிகள் அன்று வரம்பைத் தொட்டன. வாரியர்ஸ் அடுத்த மூன்று ஆட்டங்களையும் தோற்றது.

கேள்வி: எங்கள் அணியில் ஒருவர் ஃப்ரீ த்ரோ போடவே தெரியாதவர். ஆனால் தடுப்பாட்டத்தில் அவரைப் போல் யாரும் இல்லை. ஓர் ஆட்டத்தில் நான்கைந்து புள்ளிகள் போவதற்காகவா அவரைக் குறை சொல்வது?

பதில்: நான்கைந்து புள்ளிகளோடு போவதாக இருந்தால் நானும் உங்கள் கட்சி.

முதலில் கணக்கு. இன்றைய லீகில் ஒரு நல்ல அணி ஒரு தாக்குதலுக்குச் சராசரியாக 1.1 புள்ளிக்குச் சற்று மேல் எடுக்கிறது. ஃப்ரீ த்ரோவில் 70 சதவீதம் போடுபவரை எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்தால் இரண்டு வாய்ப்புகளில் 1.4 புள்ளி கிடைக்கும், எதிரணிக்கு நட்டம். 50 சதவீதம் போடுபவர் என்றால் ஒரு புள்ளி. ஏறக்குறைய சரிக்குச் சரி. 2021 பிளேஆஃபில் பிலடெல்பியாவின் பென் சிம்மன்ஸ் 73 ஃப்ரீ த்ரோக்களில் 25-ஐ மட்டுமே உள்ளே போட்டார். இரண்டு வாய்ப்புக்கு 0.7 புள்ளிகூட இல்லை. அட்லாண்டாவுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், 26 புள்ளிகள் வரை முன்னே இருந்துவிட்டு பிலடெல்பியா மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அன்று, அவருடைய கணக்கு 14-க்கு 4.

எண்ணில் வராத இழப்பு இதைவிடப் பெரியது. ஏழாவது ஆட்டத்தில், மூன்றரை நிமிடம் மீதமிருக்க, பிலடெல்பியா இரண்டே புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது, சிம்மன்ஸ் வளையத்தடியில் பந்தோடு சுழன்று திரும்பினார். எதிரே இருந்தவர் அவரைவிட மிகவும் உயரம் குறைந்த டிரே யங். எழுந்து பந்தை வளையத்தில் திணிக்க வேண்டிய இடம். அவர் பக்கத்தில் வந்த சக வீரருக்குப் பாஸ் கொடுத்தார். அந்த வீரர் ஃபவுல் செய்யப்பட்டு இரண்டில் ஒன்றைப் போட்டார். ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நிற்க வேண்டிவருமோ என்ற அச்சம், சுலபமான கூடையைக்கூட முயலவிடாமல் செய்துவிட்டது என்றே அதைப் பார்த்த பெரும்பாலோர் எண்ணினார்கள். நானும் அப்படியே எண்ணுகிறேன். வளையத்தை நோக்கி எழவே தயங்குபவரைத் தடுக்க எதிரணி ஒரு வீரரை முழுதாகச் செலவிடத் தேவையில்லை. மிச்சமாகும் அந்த ஆளை உங்கள் நட்சத்திர வீரர் மேல் இரண்டாவது ஆளாக ஏவிவிடும்.

சிம்மன்ஸின் தடுப்பாட்டம் உயர்ந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. இத்தகைய வீரரைக் கடைசி ஆறு நிமிடங்களில் எப்படிக் கையாளுவது என்று முன்கூட்டியே ஒரு ஏற்பாடு இல்லாதது அணியின் குறை.

கேள்வி: மூன்று புள்ளி ஷாட்டையே நம்பி ஆடும் அணிகள் பிளேஆஃபில் என்றாவது ஒருநாள் விழுந்துதான் ஆக வேண்டும் என்பது என் தந்தையாரின் கருத்து. 2018-இல் ஹூஸ்டனைப் பார்க்கவில்லையா என்று கேட்கிறார். அவரிடம் என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் தந்தையார் சுட்டுவது, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் வாரியர்ஸிடம் 101-92 என்று இழந்த ஏழாவது ஆட்டம். அதில் ஹூஸ்டன் 44 மூன்று புள்ளி ஷாட்கள் அடித்து ஏழை மட்டுமே உள்ளே போட்டது. இடையில் தொடர்ச்சியாக 27 தவறின. டிரெவர் அரீசா அன்று எந்த வகை ஷாட்டிலும் கூடை போடவில்லை. 12 முயற்சி, பூச்சியம்.

வழக்கமான 35 சதவீதத்தில் அடித்திருந்தால் 44-இல் 15 விழுந்திருக்கும். எட்டு ஷாட்களின் வித்தியாசம் 24 புள்ளிகள். தோற்றது ஒன்பது புள்ளிகளில். இது வெறும் கெட்ட நாள், அடுத்த ஆண்டும் அப்படியே ஆடலாம் என்று ஒரு கட்சி வாதாடியது. அதே ஆட்டமுறைதான் அவர்களுக்கு அந்தப் பருவத்தில் 65 வெற்றிகளைத் தந்தது என்பதால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. இடைவேளையில் 54-43 என்று முன்னிலையில் இருந்ததும் அவர்கள்தாம்.

என்றாலும் தந்தையாரை ஒரேயடியாக மறுக்க எனக்கு மனமில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் கிறிஸ் பால் தொடைத் தசைக் காயத்தோடு வெளியேறிய பிறகு, பந்தை எடுத்துக்கொண்டு நடுத்தூரத்திலிருந்து நிதானமாக இரண்டு புள்ளி எடுத்துத் தரக்கூடிய இரண்டாவது ஆள் ஹூஸ்டனில் இல்லை. ஷாட்கள் விழாமல் போகும் இரவு எல்லா அணிக்கும் வரும். அன்று ஓட்டத்தை நிறுத்தி, வளையத்துக்கு அருகில் போய் ஃப்ரீ த்ரோவாவது வாங்கி வர ஒருவர் வேண்டும். மூன்றாவது குவார்ட்டரில் ஹூஸ்டன் எடுத்தது 15, வாரியர்ஸ் எடுத்தது 33. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அந்த ஒருவர், கிறிஸ் பால், பெஞ்சில் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தார். பலவீனம் என்பதைவிட, பலத்தின் பாதி காயத்தில் போனது என்று சொல்வேன். தந்தையாரும் பாதி வென்றதாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தொடக்க ஐவரை ஓட ஓட விரட்டிக் களைப்படைய வைத்ததே தோல்விக்குக் காரணம் என்று பயிற்சியாளரை நீக்குகிறார்கள். இது நியாயமா?

பதில்: நீங்கள் பெயர் சொல்லவில்லை என்றாலும் 2025-இல் நியூயார்க் நிக்ஸ் செய்ததைத்தான் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். 2000-க்குப் பிறகு முதன்முறையாக மண்டல இறுதிக்கு (இறுதித் தொடருக்கு முந்தைய சுற்று) அணியை அழைத்துப்போன டாம் திபடோ, இண்டியானா பேசர்ஸிடம் 4-2 என்று தோற்ற சில நாட்களில் நீக்கப்பட்டார். அவருடைய தொடக்க ஐவர், அந்தப் பருவத்தில் லீகிலேயே மிக அதிக நிமிடங்கள் சேர்ந்து ஆடிய ஐவர்.

களைப்பு உண்மை. முதல் ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் 14 புள்ளி முன்னிலையை இழந்தபோது, பேசர்ஸின் ஏரன் நெஸ்மித்தின் பின்னால் ஸ்க்ரீன்களைச் (வழியை மறித்து நிற்கும் வீரர்களை) சுற்றி ஓடிய நியூயார்க் வீரர்கள் ஒவ்வொரு முறையும் அரை அடி பிந்தியே வந்தார்கள். அந்த நான்காவது குவார்ட்டரில் அவர் ஆறு மூன்று புள்ளி ஷாட்களை உள்ளே போட்டார். ஆனால் பேசர்ஸ் தேடி வந்தது ஜேலன் பிரன்சனையும் கார்ல்-ஆந்தனி டவுன்ஸையும். அணிக்குப் பெரும்பாலான புள்ளிகளைச் சேர்த்துத் தரும் இந்த இருவரும் தடுப்பாட்டத்தில் சுமாரானவர்கள். அவர்களைப் பிக் அண்ட் ரோலில் (ஒருவர் மறித்து நிற்க, பந்து வைத்திருப்பவர் அவரைச் சுற்றி ஓடும் உத்தி) இழுத்து நிற்கவைத்தால், உதவிக்கு வர மற்ற மூவரும் தொடர்ந்து ஓட வேண்டும். களைப்பே அங்கிருந்துதான் பிறந்தது. மூன்றாவது ஆட்டத்தில் திபடோ ஜாஷ் ஹார்ட்டை வெளியே வைத்து மிட்செல் ராபின்சனைத் தொடக்க வரிசையில் இறக்கினார். அந்த ஆட்டத்தை வென்றார்கள். பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்தவர் பருவம் முழுதும் செய்யாத மாற்றத்தைத் தொடரின் நடுவில் செய்தார் என்பதே அவர்மேல் எனக்குள்ள ஒரே குறை. நீக்கியதை நான் ஏற்கவில்லை.

கேள்வி: முதல் கேள்வி கேட்ட நால்வரில் நானும் ஒருவன், தனியாக எழுதுகிறேன். தோற்றுப்போனால் முதன்மை வீரரை மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. தங்கள் கருத்து?

பதில்: டல்லஸ் 2007-க்குப் பிறகு நொவிட்ஸ்கியை விற்கவில்லை, 2011-இல் அவரை வைத்தே மயாமியை வென்று கோப்பை எடுத்தது. யூட்டாவோ 2022-இல் டல்லஸிடம் முதல் சுற்றில் தோற்றது. அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், லூகா டான்சிச் காயத்தால் ஆடாத நிலையில், 41 புள்ளிகள் எடுத்து யூட்டாவின் கார்டுகளை ஓயாமல் தாண்டிச் சென்றவர் அப்போது டல்லஸில் இருந்த பிரன்சன். ஓராண்டுக்கு முன் கிளிப்பர்ஸ் நுழைந்த அதே கதவு. அந்தக் கோடையில் யூட்டா கோபேரை மினசோட்டாவுக்கு அனுப்பியது. 2023-24 பருவத்தில் லீகின் சிறந்த தடுப்பாட்டம் மினசோட்டாவுடையது. கோபேர் நான்காவது முறையாக அதே விருதை வாங்கினார். அணி மண்டல இறுதிவரை போனது. அங்கே இரண்டாவது ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் டல்லஸின் டான்சிச், கோபேர் எதிரே பின்வாங்கி ஒரு மூன்று புள்ளி ஷாட் அடித்து 109-108 என்று வென்றார். மறுநாளே, கோபேரை மாற்ற வேண்டும் என்று மினசோட்டா ரசிகர்கள் தொடங்கிவிட்டார்கள். உங்கள் நண்பர்கள் மூவரிடமும் அந்தத் தாளை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் யார் பெயர் அதிகமாக வருகிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.